விரிப்பில் கேட்டது

ஆண்டவன் துணை
பிப்ரவரி 4

அன்புள்ள சிட்டு,

நேற்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், அடுத்த வீட்டுத் தையல்காரம்மா, மருந்துக்கடைக்காரர் மனைவி, பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ் ஆயா, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த மூன்றாவது மாடி டெலிபோன் அம்மா. ஆக ஐந்து பேர். உன் அத்தான் உள்ளே படுத்திருந்தார், அவரைச் சேர்க்கவில்லை. ஒருத்தர் விடாமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, அத்தானும் கூடத்தில்தான் இருக்கிறார்.

அவருக்கு இருமல் மட்டுப்பட்டிருக்கிறது. பஸ் டிப்போ வேலைக்குப் போய் வருகிறார். என் முட்டி வழக்கம்போல. அங்கே மாப்பிள்ளையின் லாரி ஓட்டம் எப்படி? சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ ஒரு தடவை வந்தபோது எங்கள் செவ்வாய்க்கிழமைப் பிரார்த்தனையில் உட்கார்ந்திருக்கிறாய். ஆனால் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. பிரார்த்தனை முடிந்து அந்த நீல விரிப்பைச் சுருட்டுவதற்கு முன்னால், யாருக்கு என்ன தேவையோ அதைக் கேட்கலாம். விரிப்பில் உட்கார்ந்து கேட்டதை யாரும் மறுக்கக் கூடாது. டெலிபோன் அம்மா கண் ஆபரேஷனுக்குத் துணைக்கு ஆள் கேட்டார், நான் போனேன். பஸ் ஆயா மகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கேட்டாள், எல்லாரும் போட்டுக் கொடுத்தோம். மறுக்கக் கூடாது என்பதால்தான் யாரும் சும்மா கேட்பதும் இல்லை. பதினோரு வருஷத்தில் நான் எதுவும் கேட்டதில்லை.

நேற்று கேட்டேன். படிக்கட்டில் நிறுத்திக் கேட்டால் அது வியாபாரம். விரிப்பில் கேட்டால் ஆண்டவன் முன்னிலையில் கேட்டதாகும் என்று நினைத்தேன். உன் சத்துமாவு டப்பாவை நடுவில் வைத்து, நீ சொன்னபடியே சொன்னேன்.

தையல்காரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இதைக் குடிச்சா என்ன வரும்?"

"பலம் வரும்."

"குடிக்காம வித்தா?"

"பணம் வரும்."

"அப்போ குடிக்காமலே இருந்துடுவோம்," என்றார் டெலிபோன் அம்மா. எல்லாரும் சிரித்தோம்.

நீ அனுப்பிய தாளில் கட்டம் கட்டமாக இருந்த கணக்கை நான் முன்பே மூன்று தடவை கூட்டிப் பார்த்திருந்தேன். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் கூட்டலில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று உனக்குத் தெரியும். ஒருத்தி இரண்டு பேரைச் சேர்த்தால், அந்த இரண்டு பேர் நான்கு பேரைச் சேர்த்தால் என்று போகிறது. ஒரு கட்டத்திலும் தப்பில்லை. அதைச் சொன்னேன். "அக்காவே கூட்டிப் பாத்துட்டாங்களாம், அப்புறம் என்ன," என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி. நான்கு பேரும் சேர்ந்துவிட்டார்கள். பணம் தனி உறையில் வருகிறது.

கம்பெனித் தாளில் தையல்காரம்மா கடைசியாகத்தான் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


பிப்ரவரி 12

என் செல்ல அக்காவுக்கு,

இங்க எல்லாரும் ஓடிட்டே இருக்கோம், ஓடறவங்களுக்கு நோய் வராதுன்னு எங்க வைர மேடம் சொல்வாங்க. அத்தானுக்கு இருமலா? காலையில ரெண்டு கரண்டி மாவு வெந்நீர்ல போட்டுக் குடு. ஒரே வாரத்துல பாரு. சின்னவளுக்குப் பல் விழுந்துடுச்சு, சிரிச்சா ஜன்னல் திறந்த மாதிரி இருக்கா.

உன் லெட்டரை மேடத்துக்கிட்டயே படிச்சுக் காட்டினேன். கம்பெனியில வைர நிலைக்கு வந்தவங்க அவங்க, எனக்கு மேல நாலாவது ஆள், தெரியுமில்ல? அந்த விரிப்பு விஷயத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. "உங்கக்கா பிறவி லீடர்"னு சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. சூப்பர் மார்க்கெட் கல்லாவுல எட்டு வருஷம் உக்காந்தேன், ஒருத்தர் என்னை நல்லா இருக்கியான்னு கேட்டதில்ல. இங்க கூட்டத்துல என் பேரைச் சொன்னா அறுநூறு பேர் கை தட்டறாங்க.

இப்போ உனக்குக் கீழே நாலு பேர். அந்த நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு பேர். ஏப்ரலுக்குள்ள நீ வெள்ளி. நான் தங்கம். அதுக்கப்புறம் நாம லெட்டர் எழுத வேண்டியதில்ல, கார்லயே வந்துடுவேன்.

தையல்காரம்மாவை விடாதே அக்கா. தயங்கிச் சேர்றவங்கதான் கடைசியில பெரிசா வருவாங்களாம்.

உன்,
சிட்டு


ஆண்டவன் துணை
மார்ச் 22

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. டப்பாக்களை அடுக்குவதில் பொழுது போய்விட்டது. நாங்கள் சுகம்தான். அத்தானுக்கு இரண்டு கரண்டி கொடுத்தேன், இருமல் நிற்கவில்லை, வயிறு உப்பிக்கொண்டது. "இந்த மாவைத் தண்ணியில குழைச்சா டயர் பஞ்சர் ஒட்டலாம். டிப்போவுக்கு ரெண்டு டப்பா குடு," என்கிறார். கிண்டல்தான். அவருக்கு டப்பா விலை தெரியாது. ஒரு டப்பா விலையில் வீட்டுக்குப் பத்து நாள் பால் வாங்கலாம்.

தையல்காரம்மா தன் ஓவர்லாக் மிஷினை அடகு வைத்துவிட்டாள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற அந்த மிஷினை அவள் தவணை கட்டி வாங்கியது உனக்குச் சொல்லியிருக்கிறேன். "மூணு மாசம்தானே அக்கா, வெள்ளி நிலை வந்ததும் மீட்டுடலாம்னு உங்க தங்கச்சி போன்ல சொன்னாங்க," என்றாள். நீ அவளிடம் நேரே பேசியது எனக்குத் தெரியாது. அடகுக்காரர் நல்ல மனிதர், மிஷினை அவள் வீட்டிலேயே வைத்து ஓட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வட்டி தவறினால்தான் எடுத்துப்போவார்.

சின்னவளுக்கு ஒரு கவுன் தைக்கச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் துணி. அளவு எழுதி அனுப்பு, குழந்தை வளர்ந்திருப்பாள்.

பிரார்த்தனை நடக்கிறது. முடிந்ததும் கம்பெனிப் பேச்சுதான். போன செவ்வாய்க்கிழமை பஸ் ஆயா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவனே, எனக்கு வலப்பக்கம் ஒரு ஆள், இடப்பக்கம் ஒரு ஆள் குடு," என்று வேண்டினாள். உள்ளே இருந்து அத்தான், "எதுக்கு, ஊர்வலமா போகப் போறாங்க?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பதில் போடு,
அக்கா


ஏப்ரல் 5

செல்ல அக்கா,

நான் நல்லா இருக்கேன், நீயும் தெம்பா இருக்கணும். அளவு அடுத்த லெட்டர்ல எழுதறேன், இப்ப ஹால்ல உக்காந்து எழுதறேன், சின்னவ பக்கத்துல இல்ல.

ஒரு சந்தோஷமான சமாச்சாரம். நேத்து பெரிய கூட்டத்துல மேடம் உன் விரிப்புக் கதையைச் சொன்னாங்க! பேர் சொல்லல. "எங்க கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்களோ அந்த இடத்தைக் கண்டுபிடிங்க. ஒரு வீட்டம்மா பிரார்த்தனை விரிப்புல கேட்டாங்க, ஒரே உக்காரல்ல நாலு பேர்"னு சொன்னாங்க. எல்லாரும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

மிஷின் பத்தி கவலைப்படாதே. பயந்து பேசறவங்க பேச்சைக் காதுல வாங்காதே. அத்தான் கிண்டல் பண்ணாலும் சிரிச்சுட்டு நகர்ந்துடு. மாப்பிள்ளையும் அப்படித்தான், நான் இப்ப அவரோட வாதாடறதையே விட்டுட்டேன்.

இந்த மாசம் உன் கீழே விக்காம நிக்கிற டப்பாவை நீயே எடுத்துக்கோ. நிலை கீழ இறங்கிடக் கூடாது. இறங்கினா எனக்கும் இறங்கும்.

சிட்டு


ஆண்டவன் துணை
மே 29

அன்புள்ள சிட்டு,

எல்லாரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உங்கள் மூன்று பேரையும் தினம் பிரார்த்தனையில் நினைக்கிறேன். கவுனுக்கு அளவு வரவில்லை. போன தடவை எடுத்த அளவில் இரண்டு விரல் கூட்டி வெட்டச் சொல்லிவிட்டேன்.

விற்காத டப்பாக்களை இரண்டு மாதமாக நானே எடுத்துக்கொள்கிறேன். கட்டிலுக்கு அடியில் ஒரு வரிசை, அலமாரிக்குப் பின்னால் ஒரு வரிசை. வீடு முழுக்க அந்த வெனிலா வாசனை. முன்பெல்லாம் யார் வந்தாலும் நல்ல வாசனை என்பார்கள். இப்போது யாரும் வருவதில்லை.

இந்தக் கட்டிடத்தில் கேட்க ஆள் இல்லை. தையல்காரம்மா கேட்ட வீட்டிலேயே பஸ் ஆயாவும் கேட்டிருக்கிறாள். அதே வீட்டில் நானும் கேட்டிருக்கிறேன். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் எதிரில் வருகிறவர்கள் பையில் சாவி தேடுகிறார்கள்.

உன் தாளை எடுத்து மறுபடி கூட்டினேன். கூட்டல் சரி, பெருக்கல் சரி. ஆட்கள் தீர்ந்துபோவார்கள் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தாளில் இல்லை. நான் அதைத் தேடவும் இல்லை.

மருந்துக்கடைக்காரர் டப்பாவை வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாராம். "இதுல இருக்கறது சர்க்கரை, பால் பவுடர், வாசனை. இதையா என்னைக் கேக்காம வாங்கினே?" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். "விரிப்புல கேட்டாங்க, எப்படி இல்லன்னு சொல்றது?" என்று அவள் சொன்னாளாம். அவர் என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. கடையில் மாத்திரை வாங்கப் போனால் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேஜையில் வைக்கிறார். அவள் பிரார்த்தனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். டெலிபோன் அம்மாவும் மாடி ஏற முடியவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் வீடு எங்களுக்கு மேலே இருக்கிறது, இறங்கித்தான் வர வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை.

நீ ஒரு தடவை வா. விரிப்பில் உட்கார்ந்து அவர்களிடம் நீயே சொல்லு. நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி. எனக்கு அது போதும்.

எப்போது வருகிறாய் என்று எழுது,
அக்கா


ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட நாளாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. நான் நல்லா இருக்கேன். பேப்பர் மாறியிருக்கேன்னு பாக்காதே, ஆபீஸ் பேப்பர்.

இனிமே வீட்டு அட்ரசுக்கு எழுதாதே அக்கா. மாப்பிள்ளை லாரியில போயிடறார், லெட்டர் வாசல்லயே கிடந்து நனைஞ்சு போகுது. போன தடவை உன் லெட்டர் எனக்குக் கைக்கு வர ரொம்ப நாளாச்சு. உறைக்குப் பின்னால எழுதியிருக்கற அட்ரசுக்கு எழுது, அது மேடத்தோட கிடங்கு ஆபீஸ். போனும் பண்ண வேண்டாம், வீட்டுப் போன் வேலை செய்யல.

வர்றதைப் பத்திக் கேட்டே. இப்ப முடியாது. மேடம் என்னை முழு நேரமா எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு என்னை விட்டா ஆள் இல்ல. டப்பா எண்ணி ஏத்தி இறக்கி, ராத்திரி கூடப் பூட்டற வேலை என்கிட்டதான். நம்பிக்கை இருந்தாதானே சாவியைக் குடுப்பாங்க?

அவங்க மூணு பேர், நாலு பேர் கைவிட்டா நீ துவண்டுடாதே. விட்டவங்களைப் பத்தி நினைக்கற நேரத்துல புது ஆள் பிடிக்கலாம். அத்தானோட டிப்போவுல எத்தனை பேர் வேலை செய்யறாங்க? அவங்களும் ஏதாவது விரிப்புல உக்காருவாங்கதானே?

சிட்டு


ஆண்டவன் துணை
ஆகஸ்ட் 3

அன்புள்ள சிட்டு,

நீ சொன்ன முகவரிக்கே எழுதுகிறேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சின்னவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது.

இங்கே மழை. துணி காய்வதில்லை. என் கையில் இப்போது வளையல் கனம் இல்லாததால் துணி பிழிய வசதியாக இருக்கிறது. அத்தான் பார்த்தார், கேட்கவில்லை. கழற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

போன வாரம் அவர் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். "கிடைச்சுதா?" என்றேன். "கிடைச்சுது," என்று வெறுங்காலோடு எழுந்து போனார். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "யார் யாரையெல்லாம் சேத்துவிட்டே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "தையல்காரம்மாவுமா?" என்றார். ஆமாம் என்றேன். விளக்கை அணைத்துவிட்டார்.

அவள் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேர் வந்து படிக்கட்டில் இறக்கினார்கள். திருப்பத்தில் இடித்துவிடாமல் இருக்க அவளே ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தாள். நான் கதவைத் திறந்தேன். அவள், "நகந்துக்கங்க அக்கா, கால்ல பட்டுடும்," என்றாள். அவள் கடைசியாக என்னிடம் பேசியது அதுதான்.

எங்கள் சுவரும் அவள் சுவரும் ஒன்று. காலையில் அந்த மிஷின் சத்தம் கேட்டால் பால் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது பால் இரண்டு தடவை பொங்கிவிட்டது.

அந்த மிஷினில் கடைசியாக ஓரம் அடித்தது சின்னவள் கவுன். அதைக் கிடங்குக்கு அனுப்ப மனம் வரவில்லை. குழந்தைத் துணி குழந்தை இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று வீட்டு முகவரிக்கே பார்சல் போட்டிருக்கிறேன். கிடைத்ததும் போட்டுப் பார்த்து எழுது.

நீ வந்து அவர்களிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தேன். மறுபடியும் கேட்கிறேன். இப்போது விரிப்பில் நானும் பஸ் ஆயாவும்தான் உட்காருகிறோம். அவளும் எப்போதாவதுதான்.

அக்கா


செப்டம்பர் 9

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மாப்பிள்ளை எழுதறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்ல, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. அண்ணனுக்கு இருமல் தேவலையா?

நீங்க அனுப்பின கவுன் வந்தது. அளவு சரியா இருக்கு. கழட்ட மாட்டேங்கறா. பெரியம்மாவுக்கு எழுதுன்னு அவதான் நச்சரிச்சா, அதான் எழுதறேன்.

உங்க தங்கச்சி மே மாசத்துலேர்ந்து இங்க இல்ல. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். பார்சல்ல அவ பேரைப் போட்டு, போட்டுப் பாத்து எழுதுன்னு உள்ள சீட்டு வெச்சிருந்தீங்க. அப்பதான் தெரியாதுன்னு புரிஞ்சுது.

நான் போகச் சொல்லல அக்கா. லாரி தவணைக் காசையும் எடுத்து டப்பா வாங்கினா. இதா நானான்னு கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. நான் சமாதானம் சொல்லியிருக்கணும், சொல்லாம வண்டி எடுக்கப் போயிட்டேன். வந்து பாத்தா இல்ல.

டப்பா எல்லாம் இங்கதான் இருக்கு. சின்னவ அதை அடுக்கி மேஜை மாதிரி வெச்சுப் பாடம் எழுதறா. நான் வண்டியில போற நாள்ல எங்கம்மா வந்து பாத்துக்கறாங்க.

உங்களுக்கு எழுதறாளா? எங்க இருக்கான்னு சொல்ல வேணாம். நல்லா இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஆண்டவன் துணை
செப்டம்பர் 15

அன்புள்ள சிட்டு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். மழை விட்டுவிட்டது.

நீ தூங்குகிற இடத்தில் ஜன்னல் இருக்கிறதா? தரையில் படுக்கிறாயா, கட்டிலா? சின்ன வயதில் இருந்தே உனக்குத் தரை ஈரம் ஒத்துக்கொள்ளாது. விரிக்க ஏதாவது இருக்கிறதா?

சாப்பாடு எங்கே? மாவையே கரைத்துக் குடித்துக்கொண்டு இருக்காதே.

சின்னவளுக்குக் கவுன் அளவு சரியாக இருக்கிறதாம்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


அக்டோபர் 6

அக்கா,

கவுன் அளவு சரியா இருக்குன்னு யார் சொன்னாங்க? கழுத்து தாராளமா இருக்கா? அவளுக்கு இறுக்கினா பிடிக்காது.

ஜன்னல் இருக்கு. டப்பா அடுக்கி மறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு.

உன்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. நான் திரும்பிப் போகத்தான் போறேன். வெறுங்கையோட போக முடியாது. இத்தனைக்கு அப்புறம் எதைச் சொல்லிட்டுப் போறது? தங்க நிலை வந்தா அந்தப் பட்டயத்தை எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடி வெப்பேன். லாரித் தவணையும் கட்டிடலாம். தையல்காரம்மா மிஷினையும் மீட்டுத் தருவேன், சத்தியமா.

இந்த மாசக் கடைசிக்குள்ள எனக்குக் கீழே இருபது டப்பா ஓடணும். மேடம் இனிமே நாள் தர மாட்டாங்க. கீழே எல்லாரும் போயிட்டாங்க, நீ மட்டும்தான் இருக்கே. இதுவரைக்கும் உன்கிட்ட எனக்காகன்னு நான் எதுவும் கேட்டதில்ல அக்கா. இப்ப கேக்கறேன். அந்த இருபதையும் நீ எடுத்துக்கோ. அத்தானோட பி.எஃப். பணத்துல கடன் போடலாம்னு சொல்வாங்களே.

நான் உன் நீல விரிப்புல உக்காந்து கேக்கறதா நினைச்சுக்கோ.

சிட்டு


ஆண்டவன் துணை
அக்டோபர் 13

அன்புள்ள சிட்டு,

நேற்று பிரார்த்தனையில் இருந்தவர்கள்: நான், பஸ் ஆயா, தையல்காரம்மா. மூன்று பேர். அத்தான் கூடத்தில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா தானாக வந்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு முகம் இல்லை. அவள் இப்போது ஒரு சட்டைக் கம்பெனியில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க இடது கைகள் மட்டும் இணைக்கிறாளாம். "முழுச் சட்டை ஒண்ணைக் கண்ணுல பாத்து மாசமாச்சு," என்று பஸ் ஆயாவிடம் சொன்னாள். வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்காரவில்லை, ஓரத்தில் உட்கார்ந்தாள். பிரார்த்தனை முடிந்தது. நான் விரிப்பைச் சுருட்டக் கை வைத்தபோது, "நான் ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

 மிஷின் விலையைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் தருவதாக ஒப்புக்கொள்வது, எப்படித் தருவது என்று பிறகு பார்ப்பது, அவ்வளவுதான் மனதில் ஓடியது.

"கேளு," என்றேன்.

"இனிமே இந்த விரிப்புல யாரு கேட்டாலும், இல்லன்னு சொல்ல விடணும்," என்றாள். "அன்னிக்கு நீங்க கேட்டப்போ எனக்கு இல்லன்னு சொல்லணும்னு இருந்துச்சு அக்கா. வாய் வரைக்கும் வந்துச்சு. பேனா எழுதலையே, அப்பவே எந்திரிச்சுப் போயிருக்கணும். விரிப்புல உக்காந்துட்டேன்."

பஸ் ஆயா, "எனக்கும்தான்," என்றாள். பிறகு, "எனக்குப் பேனாவும் எழுதித் தொலைச்சுது," என்றாள். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரிப்பில் கேட்டதை மறுக்கக் கூடாது. அதனால் ஒப்புக்கொண்டேன். சுருட்டி வைத்தேன். தையல்காரம்மா கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது நிலை தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் வந்திருந்தது. அத்தானிடம் படித்துக் காட்டினேன். முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் காட்டினேன். "பி.எஃப்.ல போட்டுக் குடுத்தா அவ வீட்டுக்குப் போயிடுவாளா?" என்று கேட்டார். நான் கூட்டிப் பார்த்தேன். "போக மாட்டா," என்றேன். "தங்கத்துக்கு மேல இன்னும் மூணு நிலை இருக்கு."

அவர் கடிதங்களை மடித்துக் கொடுத்தார். பிறகு, "அப்போ நீயே எழுது. எனக்கு அவகிட்ட இல்லன்னு சொல்ல வராது," என்றார்.

விரிப்பில் உட்கார்ந்து கேட்கிறதாக நினைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். நினைத்துக்கொண்டேன் சிட்டு. நான் பூத்தையல் உறை போட்டு வைத்த தலையணையில் சாய்ந்துகொண்டு, காலை மடக்கத் தெரியாமல் நீட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிற மாதிரியே நினைத்துக்கொண்டேன்.

இல்லை.

இருபதும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கும் உன் கம்பெனிக்கும் இருந்ததை முடித்து எழுதி இன்றே தபாலில் போட்டுவிட்டேன். உனக்குக் கீழே இனி ஒருவரும் இல்லை. இதைப் படிக்கும்போது நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை, வரும் என்று எதிர்பார்த்தேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். விரிப்பில் கேட்கவில்லை. சமையலறை மேடையருகே நின்றுகொண்டு எழுதுகிறேன், அடுப்பில் பால் இருக்கிறது. நீ மறுக்கலாம்.

மாப்பிள்ளை எனக்கு எழுதியிருந்தார். உன் மேல் ஒரு குறையும் எழுதவில்லை. நீ நல்லா இருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். நான் இன்னும் பதில் போடவில்லை, என்ன எழுதுவது என்று தெரியாததால். அவர் பட்டயம் கேட்கவில்லை சிட்டு. சின்னவள் கழுத்து தாராளமா என்று கேட்டாயே, அது எனக்குத் தெரியாது. அதைப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தச் சாவியை மேடத்திடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போ. அங்கே போகக் கால் வரவில்லை என்றால் முதலில் இங்கே வா. கட்டிலுக்கு அடியில் இருந்ததை எல்லாம் அத்தான் டிப்போ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார், எங்கே கொட்டினார் என்று நான் கேட்கவில்லை. படுக்க இடம் இருக்கிறது. தையல்காரம்மாவிடம் நீ எதுவும் பேச வேண்டாம், அதை நான் முன்பு கேட்டது தப்பு. கேட்டவள் நான், பேச வேண்டியதும் நான்தான்.

பஸ் சார்ஜுக்கு மட்டும் உறைக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு ஊருக்கும் அது போதும். எந்த ஊர் என்பது உன் இஷ்டம்.

மாப்பிள்ளைக்கு நான் என்ன எழுதட்டும்? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா